கட்டிலருகே பேசுங்கள்

ஆசிரியருக்கு,

செவிலியர் பற்றாக்குறையைப் பற்றிப் பேசுகிறோம். ஷிப்ட் மாறும்போது நோயாளியைப் பற்றிய தகவல் ஒரு செவிலியரிடமிருந்து அடுத்தவருக்குக் கைமாறும் விதத்தைப் பற்றிப் பேசுவதில்லை. 2007-லேயே உலக சுகாதார நிறுவனம் நோயாளி பாதுகாப்புக்கான 9 தீர்வுகளில் இதையும் சேர்த்தது. ஆனாலும் பல வார்டுகளில் அது நர்ஸ் மேசையோடு முடிந்துவிடுகிறது. கட்டிலருகே நின்று பேசினால், "அந்த மாத்திரையை நேத்தே டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரே" என்று நோயாளியே திருத்துவார். (பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல் பேசுவதும் முக்கியம்.)

நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதற்கான டிஸ்சார்ஜ் திட்டமும் அவர் மருத்துவமனையில் சேர்ந்த அன்றே தொடங்க வேண்டும். வீட்டில் இன்சுலின் போடப்போவது யார்? அவரையே அழைத்து, செய்து காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டத்தான் செய்வார்கள். இதற்கென வார்டுக்கு ஒரு செவிலியரை நிர்வாகம் ஒதுக்கட்டும். ஒதுக்கிய பின் அவரை வேறு வேலைக்கு இழுக்காமலும் இருக்கட்டும்.

– ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்