முதல் பயிரை மண்ணுக்குக் கொடுக்கச் சொன்ன அம்மாவுக்கு

பெண்ணையாற்றங்கரைப் பெற்றோர்களுக்கும், எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்கும், தோட்டம் மீண்டும் எழக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

பள்ளித் தோட்டத்தில் பறித்த சிறுகீரை நேற்று சத்துணவுச் சாம்பாரில் சேர்ந்தது. கீரையைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மறுமுறை கேட்டு வாங்கி உண்டதைப் பார்த்த கையோடு இம்மடலை எழுதுகிறேன். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் பெண்ணையாற்று வெள்ளத்தில் கடலூர் பட்ட பாட்டை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றின் மேற்பகுதியிலுள்ள, அந்த வெள்ளநீர் திறந்துவிடப்பட்ட சாத்தனூர் அணையைப் பற்றிய செய்தி என்றாலே நாம் இன்னும் பதறித்தான் போகிறோம். தோட்ட மன்றம் தொடங்கி ஓராண்டு நிறைவதற்குள் பாத்திகளும் பந்தலும் நாற்றுகளும் போய்விட்டன என்பதை மட்டும் குறித்துவிட்டு, நன்றிக்கு வருகிறேன்.

சேற்றையும் குப்பையையும் அள்ளிய மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களுக்கும், சாய்ந்த வேலியை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நிமிர்த்தி நட்ட முன்னாள் மாணவர்களுக்கும், மண்வெட்டிகளும் களைக்கொத்துகளும் வாங்கித் தந்த பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும், சாணமும் இலைச்சருகும் வண்டியில் கொண்டுவந்து இறக்கிய பெற்றோருக்கும், மாலைகளில் பிள்ளைகளுடன் நின்று உழைத்த சக ஆசிரியர்களுக்கும் மன்றத்தின் சார்பில் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்களில் பலருடைய வீடுகளிலும் அப்போது சுவர் ஈரம் காய்ந்திருக்கவில்லை என்பதை நான் அறிவேன்.

எனினும், ஒருவருக்குத் தனியே நன்றி கூறியாக வேண்டும். தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், பள்ளி வாசலில் கீரை விற்கும் அம்மா என்றே அவரைக் குறிப்பிடுகிறேன். பிள்ளைகளுக்கு அவர் ஆயா. ஆற்றோரத்தில் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டிருந்த அவருடைய கீரைக்கொல்லையும் வெள்ளத்தில் மூழ்கிப்போனதால், பள்ளி திறந்த பின் அவர் வந்தபோது கூடையில் கீரை இல்லை. பிள்ளைகள் எல்லோரும் நலமா என்று கேட்டுப்போகத்தான் வந்திருந்தார்.

ஒரு சாண் உயரத்துக்குப் படிந்திருந்த சேற்றைப் பொக்லைன் வைத்து வழித்தெடுத்துவிடலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டவர், உள்ளே வந்து, குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். கிழக்குச் சுவரோரம் படிந்திருப்பது மணல், அதை மட்டும் அள்ளுங்கள் என்றார். மற்ற இடத்தைக் காட்டி, "இது வண்டல், டீச்சர். ஆறு கொண்டாந்து போட்ட எரு. இதை வெளியே கொட்டிட்டு அப்புறம் எருவுக்கு எங்கே போவீங்க?" என்று கேட்டார். சாக்கடை நீரும் கலந்து வந்த வெள்ளமாயிற்றே, அதில் விளைந்ததைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்ற என் அச்சத்தைச் சொன்னேன். "முதல் பயிர் வாய்க்கு வேணாம். மண்ணுக்குக் குடுங்க" என்றார்.

மறுநாள், வளர்த்து மண்ணிலேயே மடக்கி உரமாக்கும் பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டின் விதை ஒரு படியோடு வந்தார். வெள்ளம் ஏறாத உறவினர் வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்தது என்றும், தம் கொல்லைக்கென வைத்திருந்ததில் பாதி என்றும் பிறகுதான் தெரிந்தது. பணம் வாங்க மறுத்துவிட்டார். வண்டல் முழுதும் காய்ந்து இறுகுமுன் கொத்திக் கிளறி அடிமண்ணோடு கலக்க வேண்டும் என்பதை மண்வெட்டியைத் தாமே பிடித்துக் காட்டினார். விதையை வீசித் தூவும் கைப்பக்குவத்தைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராக அழைத்துக் கற்றுக்கொடுத்தார். ஈரத்தையும் ஓரளவு உப்பையும் தாங்கி வளரும் பயிர் அது. பூவெடுக்கும் பருவத்தில் மடக்கி மண்ணுக்குள் அழுத்தி, இரண்டு வாரம் மட்கவிட்ட பின்பே கீரை விதைத்தோம்.

அந்த ஒரு படி விதையிலிருந்து எங்கள் பிள்ளைகளின் ஆய்வுகள் கிளைத்தன. எட்டாம் வகுப்பு மாணவியர் தோட்டத்தின் மூன்று இடங்களிலிருந்து மண் எடுத்து, கண்ணாடிக் குப்பிகளில் நீரோடு குலுக்கி வைத்து, மணல் முதலிலும் வண்டல் அடுத்தும் களி இறுதியிலும் படிவதை அளந்து வரைந்தனர். ஆயா விரலால் சொன்னதைக் குப்பிகளும் சொல்கின்றன என்று கண்டபோது அவர்கள் ஓடிப்போய் அவரை அழைத்து வந்து காட்டினார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவர் தக்கைப்பூண்டு வேரைப் பிடுங்கி, முடிச்சுகளைக் கீறிப் பார்த்து, உட்புறம் இளஞ்சிவப்பாக இருப்பதன் காரணத்தைக் கேட்டு என்னிடம் வந்தனர். காற்றிலுள்ள நைட்ரஜனை அந்த முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா பயிருக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருவதை நான் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் நடத்தி வருகிறேன். வேரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்பட்ட கேள்விக்கு இவ்வாண்டுதான் பதில் சொன்னேன்.

பதாகை எழுதுவதிலும் ஓவியப் போட்டியிலும் முடிந்துவிடும் சுற்றுச்சூழல் கல்வி எனக்கு ஒருபோதும் நிறைவளித்ததில்லை. பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்களை அமைக்கும் தேசிய பசுமைப் படைத் திட்டம் 2001-இல் தொடங்கப்பட்டது. நல்ல வழிகாட்டுதல்களும் உள்ளன. ஆயினும் ஊரின் மண்ணை அறிந்த உழவர்களையும் கீரை விற்போரையும் பள்ளிக்குள் அழைத்து, பிள்ளைகளுக்கு முன் ஆசிரியராக நிறுத்தும் வழக்கம் நம்மிடம் போதுமான அளவு இல்லை. எங்கள் மன்றத்தில் இனி அது வழக்கமாக இருக்கும். வரும் கல்வியாண்டில் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் உருவான பாலூர் 1 கத்தரியைப் பயிரிட எண்ணியுள்ளோம்; அதற்கான பாத்தியை எங்கே அமைப்பது என்பதை அந்த அம்மாவே முடிவு செய்வார்.

இன்னொன்றையும் மாணவர்கள் தாங்களாகவே தீர்மானித்துள்ளனர். ஆண்டுதோறும் இரண்டு பாத்திகளில் தக்கைப்பூண்டை மடக்காமல் முற்றவிட்டு, விதையெடுத்து, வெள்ளம் எட்டாத மாடி அறையில் சேமித்து வைப்பார்கள். முதல் படி விதை கீரைக்கார ஆயாவின் கொல்லைக்குச் செல்லும். அதன் பின் ஆற்றங்கரையில் பயிரிடும் எவரும், பள்ளி வேலைநாட்களில் மாலை மணி அடித்த பிறகு வந்து, கட்டணமின்றி விதை பெற்றுக்கொள்ளலாம். பை மட்டும் கொண்டுவாருங்கள்.

நன்றியுடன்,
தோட்ட மன்றப் பொறுப்பாசிரியை