தமிழ்ச் சங்கத்தின் உரப்பைகள் பற்றித் துணைவேந்தர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். கடந்த விடுமுறையில் தமிழ்ச் சங்க அறை வேறு தேவைக்கு எடுக்கப்பட்டது தங்களுக்குத் தெரியும். யார் முடிவெடுத்தார்கள், சங்கத்துக்கு ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்பதையெல்லாம் இங்கே கிளறப் போவதில்லை. பல்கலைக்கழகத்தின் பெயரையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஊரறிய யாரையும் தலைகுனிய வைப்பதற்காக இதை எழுதவில்லை. இடப் பற்றாக்குறை உண்மை. புதிய கற்கைநெறிகள் வந்துவிட்டன, மாணவர் தொகையும் கூடிவிட்டது. அறை போனால் போகட்டும். அறைக்குள் இருந்த சங்கத்தின் பழைய பதிவேடுகளுக்காகவும் இதழ்களுக்காகவும்தான் இந்த மடல்.

அவை இப்போது உரப்பைகளில் கட்டப்பட்டு, பழைய கட்டடத்தின் பின் விறாந்தையில் கிடக்கின்றன. தூவானம் அடிக்கிற பக்கம். “கழிவுக் கடதாசி என்று ஏற்றச் சொன்னார்கள், எனக்கு மனம் வரவில்லை, அதனால் இங்கே வைத்தேன்” என்று சொன்னவர் அங்கு வேலை செய்யும் ஒரு சிற்றூழியர் அண்ணை. இன்று அவை மிச்சம் இருப்பதற்கு அவர் ஒருவரே காரணம். அவருக்கு எந்தச் சிக்கலும் வரக்கூடாது என்பதையும் இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

இன்றைய செயலாளரோடு போய் ஒரு பையைப் பிரித்தோம். மேலே இருந்தது கூட்ட அறிக்கைப் புத்தகம். தடித்த மட்டை, சிவப்புத் துணி ஒட்டிய முதுகு. ஊற்றுப்பேனையால் எழுதிய பக்கங்களில் நீர் இறங்கி, மை ஊதாவாகப் படர்ந்திருந்தது. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் தலைவர் குமிழ்முனைப் பேனையால் வைத்த கையெழுத்து மட்டும் அப்படியே நிற்கிறது. யார் பேசினார்கள், விவாதத் தலைப்பு என்ன, எந்தத் தீர்மானம் எத்தனை வாக்கில் தோற்றது என்று எதுவும் தெரியவில்லை. ‘உறுதிப்படுத்தப்பட்டது’ என்று கையெழுத்து இருக்கிறது. எதை உறுதிப்படுத்தினார்கள் என்பது போய்விட்டது.

அதற்குக் கீழே ஒரு கையெழுத்து இதழ். யுத்த காலத்தில் அச்சகத்துக்குக் காகிதம் கிடைக்காத ஒரு வருடம், சங்கத்தின் ஆண்டு மலர் நின்றுவிடக்கூடாது என்று மாணவர்கள் கொப்பித் தாள்களைத் தைத்துக் கையாலேயே எழுதி முடித்தார்கள். கோடு போட்ட தாள், நாலைந்து பேருடைய கையெழுத்து, அட்டையில் வர்ணப் பென்சிலால் ஒரு படம். அச்சிட்ட மலர் என்றால் யாராவது ஒரு பழைய மாணவரின் வீட்டில் இன்னொரு பிரதி இருக்கும். இதற்கு இந்த ஒரு பிரதிதான். அதன் நடுப்பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இழுத்தால் கிழிந்துவிடும் என்று நாங்கள் தொடவில்லை. எழுதியவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை. குண்டுச் சத்தத்துக்கு நடுவில் காப்பாற்றி வைத்ததை ஒரு விடுமுறையில் கழிவாக்கிவிட்டோம் என்பதை எப்படி மென்மையாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஐயா.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அந்தப் பைகளில் உள்ள எதையும் அகற்ற வேண்டாம். அனைத்தையும் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பில் எடுத்து, மின்வருடி (ஸ்கேன் செய்து), பிறகு பூட்டக்கூடிய ஓர் அலுமாரியில் வையுங்கள்.

ஒரு மாணவர் சங்கத்தின் பழைய தாள்களுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று யாராவது தங்களிடம் சொல்லக்கூடும். அவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கட்டும். அது கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியாக இருந்த நாளிலேயே அங்கே தமிழ்ச் சங்கம் இருந்தது. அந்த மாணவர்கள் மேடையேற்றுவதற்காகப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் நாடகங்கள் எழுதினார். அவற்றில் நான்கு ‘நானாடகம்’ என்று 1940இல் நூலாக வந்தன. நூலாக வந்ததால் ஈழத்து நவீன நாடகத்தின் கதையை இன்று அங்கிருந்து தொடங்க முடிகிறது. பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்குப் போன பிறகு, பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரை, அதாவது கூத்துப் பழக்கும் ஆசான்களை, அழைத்து வந்து மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கினார். 1962இல் ‘கர்ணன் போர்’, அடுத்த ஆண்டு ‘நொண்டி நாடகம்’, பிறகு ‘இராவணேசன்’, 1967இல் ‘வாலி வதை’. வட்டக்களரி என்ற வட்டமான திறந்தவெளி அரங்கில் விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கி மண்டப மேடைக்குக் கொண்டுவந்தவர்கள், இருபது இருபத்திரண்டு வயது மாணவர்கள். அவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பிற்காலத்தில் நுண்கலைத்துறைப் பேராசிரியரானார். வித்தியானந்தன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். தாங்கள் இன்று வகிக்கும் அதே பதவி.

அந்தப் பேராதனைத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலர் ‘இளங்கதிர்’. 1940களின் இறுதியில் தொடங்கியது. அதன் பழைய இதழ்கள் பலவற்றை இன்று நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் எவரும் காசில்லாமல் வாசிக்கலாம். ஒரு கட்டுரையாளரின் முதல் எழுத்து, ஒரு நிகழ்ச்சியின் படம், அந்த வருடச் செயலாளரின் அறிக்கை என்று தேடுகிறவர்களுக்கு அள்ள அள்ள வரும். யாரோ ஒருவர் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான் அது நடந்தது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையும் பல ஆண்டுகளாகச் சிறுகதைப் போட்டி வைத்து, பரிசுக் கதைகளைப் ‘பேரவைக் கதைகள்’ என்று நூலாக்கியிருக்கிறது. மலேசியத் தமிழ்ச் சிறுகதையை ஆராய்கிறவர்கள் அந்தத் தொகுதிகளைத் தாண்டிப் போக முடியாது. எங்கள் சங்கமும் அதே வேலையைத்தான் செய்து வந்தது. முதலாம் வருட மாணவர் கன்னிக் கவிதை படிக்கும் கவியரங்கம், பீடங்களுக்கு இடையிலான விவாதம், முத்தமிழ் விழா, மலர் எல்லாம் இருந்தன. அவற்றுக்கான சாட்சிதான் இப்போது விறாந்தையில் நனைகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தர மீளாய்வுக் குழு வரும்போது, ‘மாணவர் செயற்பாடுகளுக்குச் சான்று தாருங்கள்’ என்று இதே சங்கத்திடம் அவசரமாகப் படங்களும் அழைப்பிதழ்களும் கேட்கப்பட்டன. பிள்ளைகள் இரவிரவாக இருந்து அடுக்கிக் கொடுத்தார்கள். குழு போனதும் கோப்புகள் திரும்பி வந்தன, சில வரவேயில்லை. ஒரு கவியரங்குக்கு மண்டபம் கேட்டால் பெரும் பொருளாளர், துறைத்தலைவர், பீடாதிபதி என்று கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் விழா நாள் வந்துவிடுகிறது. மலருக்கான பணம் மலர் வெளிவந்த பிறகும் வருவதில்லை. மாணவர்கள் கைக்காசு போடுகிறார்கள். இலக்கியம் வளரவில்லை, பிள்ளைகள் தொலைபேசியோடு கிடக்கிறார்கள் என்று பிறகு மேடையில் நாங்கள்தான் பேசுகிறோம். பேச்சு நீண்டுவிட்டது, மன்னிக்கவும். இவற்றையெல்லாம் இன்னொரு நாள் ஆறுதலாகப் பேசலாம். நனைந்த தாளுக்கு அந்த அவகாசம் இல்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அந்த நாளில் நாங்கள் பேசும் பேச்சுக்கு மதிப்பு இருக்க வேண்டுமென்றால், எங்கள் கையில் இருப்பதை நாங்களே அழிய விடக்கூடாது.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். மின்வருடும் வேலையைப் பழைய மாணவர்கள் பொறுப்பெடுக்கத் தயார். அலுமாரியையும் நாங்களே வாங்கித் தருகிறோம். தங்களிடமிருந்து வேண்டியது நூலகத்தில் ஒரு மூலையும், ‘அகற்ற வேண்டாம்’ என்று எழுத்தில் ஓர் அறிவுறுத்தலும் மட்டுமே. அது வரும்வரை, பைகளைத் தயவுசெய்து விறாந்தையிலிருந்து உள்ளே எடுக்கச் சொல்லுங்கள். வெயிலில் பரப்பவோ, ஒட்டிய பக்கங்களைப் பிரிக்கவோ யாரும் முயல வேண்டாம். நிழலில், மின்விசிறிக் காற்றில் உலரட்டும். மற்றதை நூலகத்தில் இந்த வேலை தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தங்கள் பதிலைச் சங்கத்தின் இன்றைய செயலாளருக்கு எழுத்தில் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலம் தொடங்கிவிட்டது, ஐயா. இந்த வாரத்துக்குள் என்றால் பெரிய உதவி.

இப்படிக்கு,
தமிழ்ச் சங்கத்தின் முன்னாள் இதழாசிரியர் ஒருவர்