தொட்டிலைப் பிரிக்கும் நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

குழந்தை வளர்ப்புப் பக்கங்களில் குப்புற விழுவது, தவழ்வது, பல் முளைப்பது, முதல் அடி வைப்பது எல்லாம் மாதவாரியாக வந்துவிடுகின்றன. அந்த அட்டவணையின் மறுபக்கம்தான் அச்சேறுவதில்லை. பிள்ளை நடந்ததைப் பார்த்துக் கைதட்டும் அதே அம்மா, இரவு சின்னதாகிப்போன சட்டையை மடிக்கும்போது கண் கலங்குகிறாள். அப்பாக்களுக்கும் இது உண்டு. வாய்விட்டுச் சொல்வது குறைவு. "பிள்ளை வளர்ந்தால் சந்தோஷம்தானே, இதில் அழ என்ன இருக்கிறது?" என்ற கேள்விக்குப் பயந்தே பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

இந்தக் கலக்கம் நோயல்ல, மருந்தும் வேண்டாம். அது வீட்டுக் காரியங்களில் புகுந்து முடிவெடுக்கத் தொடங்கினால்தான் சிக்கல். 'இன்னும் கொஞ்ச நாள் குழந்தையாகவே இருக்கட்டும்' என்று பால் புட்டியை இரண்டரை வயது வரை இழுப்பவர்கள் உண்டு. ஏக்கத்தைச் சட்டென்று கடந்துவிடலாம் என்று தாய்ப்பால், தொட்டில், டயப்பர் மூன்றையும் ஒரே வாரத்தில் நிறுத்துபவர்களும் உண்டு. எதை எப்போது விடுவது என்பதைப் பிள்ளையின் உடம்பிடம் கேட்க வேண்டும். பெற்றவர்களின் ஏக்கத்துக்கு வேறு வேலை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வேகம். பிறந்த எடை ஐந்து மாத அளவில் இரட்டிப்பாகிறது, ஒரு வயதில் மூன்று மடங்கு. நீளம் அந்த ஓராண்டில் ஏறத்தாழ 25 செ.மீ. கூடுகிறது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழாம் மாதம் தால், ஒன்பதாம் மாதம் சப்பாணி என்று இரண்டு மாதத்துக்கு ஒரு பெயர் வைத்தது சும்மா இல்லை. இரண்டாம் ஆண்டில் இந்த வேகம் பாதியாகிறது: சுமார் 12 செ.மீ., இரண்டரை கிலோ, அவ்வளவுதான். கன்னச் சதை வற்றுகிறது, பசியும் குறைகிறது. கரண்டியைத் தட்டிவிட்டு 'நானே' என்று பிள்ளை சொல்வதும் இதே சமயத்தில்தான். 'என் கையால் வேண்டாம் என்கிறதே' என்று மனம் சுருங்கி, வாயைப் பிளந்து திணிக்கத் தொடங்குவது இங்கேதான். வளர்ச்சி மெதுவாவதால் தேவை குறைந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. எடை, உயரம் இரண்டும் வளர்ச்சி அட்டையில் தன் கோட்டை ஒட்டிப் போகிறதா என்று பார்த்தால் போதும்.

தாய்ப்பால் நிறுத்துவதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏக்கமும் உடம்பும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பது இங்கே. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையோ அதற்கு மேலுமோ என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே அவசரம் இல்லை. நிறுத்த முடிவெடுத்துவிட்டால் ஒரு நேரத்துப் பாலை மட்டும் விட்டுவிட்டு, மூன்று முதல் ஏழு நாள் பொறுத்து அடுத்ததை விட வேண்டும். பிள்ளை அதிகம் தேடாத பகல் நேரத்துப் பால் முதலில் போகட்டும். தூங்கும் முன் தருவதும் விடியற்காலைப் பாலும் கடைசி. மார்பு கனத்தால் வலி குறையும் அளவுக்கு மட்டும் பீய்ச்ச வேண்டும். முழுக்கப் பீய்ச்சினால் இன்னும் தேவை என்று உடம்பு எடுத்துக்கொண்டு மேலும் சுரக்கும். ஒரே நாளில் நிறுத்தினால் பால் கட்டிக்கொள்ளும். ஓரிடம் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அது மார்பு அழற்சி, மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். அப்போது பால் கொடுப்பதைத் திடீரென்று நிறுத்துவது நிலைமையை மோசமாக்கும். ஒரு வயதுக்குள் நிறுத்தினால் ஈடாகக் குழந்தைப் பால்மாவு தேவை. சாதாரணப் பாலை முக்கிய பானமாகத் தருவது ஒரு வயதுக்குப் பிறகுதான்.

சுரப்பு குறையும்போது புரோலாக்டின், ஆக்சிடோசின் என்ற ஹார்மோன்களின் அளவுகள் இறங்குகின்றன. காரணமில்லாத அழுகையும் எரிச்சலும் சிலருக்குச் சில நாள் முதல் சில வாரம் வரை இருக்கும். 'மனதைத் தேற்றிக்கொள்' என்று சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. மெதுவாக நிறுத்தினால் இந்த இறக்கமும் மெதுவாகும். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் நாளின் பெரும்பகுதி சோர்வாகவே போனால், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால், பிடித்த எதுவும் பிடிக்காமல் போனால், அதை ஏக்கக் கணக்கில் எழுதக் கூடாது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு முதல் ஓராண்டில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம், சிகிச்சை உண்டு.

புட்டிக்கு இவ்வளவு நிதானம் தேவையில்லை. ஆறு மாதத்தில் கோப்பையைப் பழக்கத் தொடங்கி, 12 முதல் 18 மாதத்துக்குள் புட்டியை முடித்துவிட வேண்டும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், புட்டியோடு தூங்கும் பிள்ளையின் மேல் முன்பற்களைச் சுற்றிப் பால் தேங்கிச் சொத்தை விழும். கீழ்ப் பற்களை நாக்கு மறைத்துக்கொள்வதால் அவை தப்பிவிடும். அதனாலேயே, உதட்டைத் தூக்கிப் பார்க்காத வீடுகளில் இது தாமதமாகவே தெரியவருகிறது. ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் போனால் வயிறு அதிலேயே நிரம்பி, இரும்புச்சத்துக் குறையும். பகல் புட்டியை முதலில் நிறுத்துங்கள். இரவுப் பாலைப் பல் துலக்குவதற்கு முன்னால் கோப்பையில் கொடுங்கள்.

துணி சுற்றிப் படுக்கவைப்பதைப் புரள முயலும் முதல் அறிகுறியிலேயே நிறுத்த வேண்டும். இதில் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பிடித்து எழத் தொடங்கினால் தொட்டில் கட்டிலின் மெத்தை அடிமட்டத்துக்கு இறங்கட்டும். பிள்ளை 90 செ.மீ. உயரம் தொட்டாலோ, தடுப்பின் மேல் காலைப் போட்டாலோ தொட்டிலின் காலம் முடிந்தது. இந்த இரண்டும் நடக்காதவரை மூன்று வயது வரைகூட அதிலேயே தூங்கலாம். தாழ்வான கட்டிலுக்கு மாற்றும் அன்றே அலமாரிகளைச் சுவரோடு இறுக்கிவிட வேண்டும், ஏனென்றால் அன்றிரவு முதல் அறை முழுக்கப் பிள்ளையின் ராஜ்ஜியம். இழுப்பறைகளைப் படியாக்கி ஏறும்போது அலமாரி மேலே சாயும். அடுத்த குழந்தைக்காக மாற்றுவதானால் பிரசவத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும், அல்லது பிறந்து சில மாதம் போகட்டும். பறித்துக் கொடுத்தது போல மூத்ததுக்குத் தோன்றக் கூடாது.

டயப்பரைப் பற்றி ஒரு வரி: இரண்டு மணி நேரம் ஈரமாகாமல் இருப்பது, வருகிறது என்று சொல்லத் தெரிவது, தானே கால்சட்டையை இறக்குவது ஆகிய மூன்றும் கூடுவது பெரும்பாலும் 18 மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில்.

இனி ஏக்கத்தின் வேலை. பெரும்பாலானவர்களின் முதல் நினைவே மூன்று, மூன்றரை வயதைச் சேர்ந்தது. அதாவது முதல் இரண்டு வருடத்தை இருவர் வாழ்கிறார்கள், ஒருவருக்குத்தான் ஞாபகம் இருக்கும். இந்தத் துக்கத்தின் வேர் அங்கேதான் என்பது என் கணிப்பு. ஆகவே அந்த ஞாபகத்தை ஒழுங்காகச் சேமிப்பதே ஏக்கத்துக்குக் கொடுக்கக்கூடிய உருப்படியான வேலை.

படங்கள் எல்லாரிடமும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. குரல்தான் இருப்பதில்லை. இரண்டு வயதில் பிள்ளை பேசுவதில் பாதிதான் வெளியாருக்குப் புரியும், மூன்றில் முக்கால்வாசி, நான்கில் ஏறக்குறைய முழுக்க. மழலை இந்த இடைவெளியில்தான் வாழ்கிறது. 'ரயில்' 'யயில்' ஆவதும், மரத்தில் உட்கார்ந்திருக்கும் 'காக்கா' 'தாத்தா' ஆவதும் சில மாதக் கூத்து. (தாத்தாக்கள் கோபித்துக்கொள்வதில்லை.) பிறகு ஒரு நாள் சரியாகச் சொல்லிவிடும், பழைய சொல் எப்படி ஒலித்தது என்று வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. கேமராவைக் கண்டால் பிள்ளைகள் நடிக்கத் தொடங்கிவிடும். கைபேசியை ஓரமாக வைத்து, விளையாடும்போது மாதத்துக்கு ஐந்து நிமிடம் ஒலியை மட்டும் பதியுங்கள். கோப்பின் பெயரிலேயே தேதியும் வயதும் இருக்கட்டும், பிரதி இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஒரு நோட்டில் சொல், பொருள், தேதி எழுதி வையுங்கள். பிள்ளையிடம் மட்டும் திருத்தமாகவே பேசுங்கள்.

துணிகளில் ஒரு சின்னப் பெட்டி கொள்ளும் அளவு போதும். சுத்தமாகத் தெரியும் சட்டையிலும் பால் கறை இருக்கும். அதன் கொழுப்பும் புரதமும் காற்றுபட்டுச் சில மாதத்தில் மஞ்சளாகும். முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும், வெந்நீர் புரதத்தை நூலிலேயே இறுக்கிவிடும். நொதி கலந்த சோப்புத்தூளில் அரை மணி ஊறவைத்து, நன்றாக அலசி, கஞ்சி போடாமல் காயவைக்க வேண்டும். கஞ்சியைப் பூச்சி தேடி வரும். முழுக்கக் காய்ந்த பிறகு பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். வருடம் ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும்.

அந்துருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள நாப்தலீன் துணியில் ஏறிவிடும். அடுத்த குழந்தைக்கு அதை அப்படியே போட்டால், ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடுள்ள பிள்ளைக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். ஆசையாக எடுத்து வைத்த சட்டையால் இது நேரக் கூடாது. பால் புட்டி ரப்பர்களையும் சூப்பானையும் நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம், மறுபடி வாயில் வைக்கக் கூடாது. குழந்தைக்கான கார் இருக்கையில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். விபத்தில் சிக்கியது என்றால் தேதி இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது.

'கடைசியாகத் தூக்கிய நாள் எதுவென்று தெரியாமலே போய்விடும்' என்று அடிக்கடி பகிரப்படும் வாசகம் எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலானவை அப்படி ஒரே நாளில் முடிவதில்லை, தேய்கின்றன. தேய்ந்தது திரும்பியும் வருகிறது. தம்பியோ தங்கையோ பிறந்தால் மூத்தது மறுபடி புட்டி கேட்கும், உடையை நனைக்கும். கடிந்துகொள்ளாமல் விட்டால் சில வாரங்களில் தானாக மாறும். காய்ச்சல் வந்தால் நான்கு வயதுப் பிள்ளையும் தோளில்தான் தூங்கும். அப்போது எடை 16 கிலோ இருக்கும். குனிந்து அள்ளாமல் முட்டியை மடக்கி உட்கார்ந்து, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, காலை ஊன்றி எழுந்திருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்