செங்கோட்டை மைக் செட் அண்ணாச்சிக்கு

சனிக்கிழமை சாயங்காலம், அவரவர் வாழ்க்கைக் கதையைச் சொல்லும் கூட்டத்துக்கு மைக் செட் போட வந்தீங்களே அண்ணாச்சி, உங்க பேரைக் கேட்க விட்டுப்போச்சு.

முதல் ஆள் வாயைத் திறந்ததுமே ‘கூ’வென்று ஊளை. ஸ்பீக்கர் பெட்டிகள் பேசுகிறவருக்குப் பின்னால் இருந்தன. அந்தச் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போனால் அப்படித்தான் கத்தும். யாரும் சொல்லாமலே இரண்டையும் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நகர்த்தினீங்க. சாரல் காற்றுக்கு மைக் தலையில் பஞ்சு உறை. வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, கொஞ்சம் சரிவாக. நேரே பிடித்தால் ‘ப’ வரும்போதெல்லாம் ‘பொத்’தென்று அடிக்கும். மைக் தலையைப் பொத்திப் பிடித்த தம்பியின் கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டீங்க.

1956-க்கு முன், செங்கோட்டையும் இப்போது கேரளத்தில் இருக்கும் புனலூரும் ஒரே மாநிலமாக இருந்தபோது, அந்தப் புனலூருக்கு வாக்கப்பட்டுப் போன கதையைச் சொன்ன ஆச்சிக்குக் குரலே எழும்பவில்லை. வால்யூமைத் தூக்கியிருந்தால் மறுபடி ஊளைதான். நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஸ்டாண்டைத் தாழ்த்தி, மைக்கை அவர் தாடையருகே கொண்டுவந்தீங்க. தமிழும் மலையாளமுமாக அவர் விம்மியபோது மைக்கை அணைக்கவில்லை. குமிழை நூலளவு குறைத்து, விரலை அதிலேயே வைத்திருந்தீங்க. பேச்சு திரும்பியதும் பழையபடி ஏற்றினீங்க.

வாடகையில் இதெல்லாம் சேர்த்தி இல்லை. தெரிஞ்சவங்க யாராவது அண்ணாச்சி காதில் போடுங்க. பஞ்சு உறை ஒன்று இங்கேயே தங்கிவிட்டது.