வல்லநாட்டுக்காரர்

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆச்சு. முழங்கால் வலியோடு உட்கார்ந்து எழுத முடியலை, கோவிச்சுக்காதே.

பொங்கலுக்குப் பேரன் வந்திருந்தான். பிடித்து உட்காரவைத்து ‘சிந்து பைரவி’ போட்டுக் காட்டினேன். பாட்டு வரும்போதெல்லாம் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தவன், மிருதங்கக்காரர் குருமூர்த்தியாக டெல்லி கணேஷ் வந்ததும் நிமிர்ந்தான். “இந்தத் தாத்தாவா? இவர் எல்லாப் படத்துலயும் வருவாரே!” ஒரு நடிகருக்கு இதைவிட என்னலே விருது வேணும்?

தூத்துக்குடி பஸ் வல்லநாட்டைத் தாண்டும்போதெல்லாம் “நம்ம கணேஷ் ஊரு” என்று பக்கத்து சீட்டுக்காரரை எழுப்பிச் சொல்வாயே, ஞாபகம் இருக்கா? பத்து வருஷம் விமானப்படை வேலை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடிப்பு. அப்புறம் சென்னையில் காத்தாடி ராமமூர்த்தி குழு. ‘பட்டினப் பிரவேசம்’ படத்துக்கு பாலசந்தர் கூப்பிட்டபோது முப்பது தாண்டியாச்சு. அந்த வயதில் உள்ளே நுழைந்தவர், நானூறு படத்துக்கு மேல் நடித்து, 2024-இல் ‘இந்தியன் 2’ வரைக்கும் வந்துவிட்டார். அதே வருஷம் நவம்பரில், 80 வயதில், போய்ச் சேர்ந்தார். விமானப்படைக்காரர்கள் வந்து மரியாதை செய்ததை டிவியில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

‘பசி’யில் மெட்ராஸ் ரிக்‌ஷாக்காரர். பதினோரு வருஷம் கழித்து ‘மைக்கேல் மதன காமராஜ’னில் பாலக்காட்டுச் சமையல்காரர். நம்ம ஊர்க்காரர் வாயில் இந்த இரண்டு தமிழும் எப்படி ஒட்டிக்கொண்டதோ! அந்தப் படத்தை மறுபடி போட்டால் கமலைப் பார்க்காதே, அது எல்லாரும் பார்க்கிறதுதான். கமல் பேசும்போது இவர் முகத்தைப் பார். தன் வசனத்துக்காகக் காத்திருக்கிற முகமா அது? நிஜமாகவே கேட்டுக்கொண்டிருப்பார். நாடகத்தில் எதிராளி எந்த இடத்தில் தடுமாறுவான் என்று தெரியாது. காதைத் தீட்டிவைத்தே பழகியிருப்பார் போல.

நானும்தான் மேடை ஏறினேன். ஆபீஸ் ஆண்டு விழாவில் நீ வசனம் மறந்து முழித்தபோது, நான் ஜமீன்தார் மீசையைத் தடவிக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். எடுத்துக்கொடுக்கத் தோணவே இல்லை. நீ என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தால்தானே!

அந்த நாடக போட்டோ உன்கிட்ட இருந்தால் அனுப்பு. மீசை கொஞ்சம் கோணலாக ஒட்டியிருக்குமே, அதுதான். பேரன் நம்ப மாட்டேங்கிறான்.

அன்புடன்,
சங்கரன்