பாப்பாவுக்கு, கம்மவான்பேட்டையிலிருந்து

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, ஆயா எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

போன் செய்தால் "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அம்மா பேசினாலும் அதே பதில்தான். எழுதினால் நீ கடைசிவரை படித்தாக வேண்டும், அதனால்தான் பேப்பரை எடுத்தேன்.

கழனியில் வேர்க்கடலை போட்டாச்சு. ஏரியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பிக்கு மெட்ராஸ் ரெஜிமென்டில் ஆர்டர் வந்து வெலிங்டனுக்குப் போய்விட்டான், தெருவே கூடி பஸ் ஏற்றிவிட்டோம். மற்றபடி இங்கே எல்லாம் வழக்கம்போல்தான்.

ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கிற எஸ்எஸ்பிக்கு நீ பெங்களூர் கிளம்பியபோது அம்மா நாலு செட் துணி கூடுதலாக வைத்தாள் அல்லவா, எடுத்துவிட்டால் மெடிக்கல் பரிசோதனைக்குத் தங்க வேண்டியிருக்கும் என்று. ஹாஸ்டலில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால், ஊருக்கு யாராவது வரும்போது கொடுத்தனுப்பு. அவசரமில்லை. அந்தக் கடைவாய்ப் பல் இப்போது வலிக்காமல் இருக்கிறதா? மெடிக்கலில் பல்லுக்குப் போடுகிற 14 பாயிண்ட் குறையக்கூடாது என்றுதான் வேலூரில் அடைத்தோம். மெடிக்கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பல் நல்லபடியாக இருக்க வேண்டும். ராத்திரி பல் தேய்க்காமல் தூங்காதே.

நான் வேறெதுவும் கேட்கவில்லை. நீயாகச் சொல்லும்போது சொல்.

பெரியப்பாதான் தினமும் கேட்கிறார். "பரீட்சையில் பாஸாகிவிட்டாளே, இன்னும் என்ன?" என்கிறார். நம்ம ஊரில் வீட்டுக்கொருத்தர் பட்டாளத்துக்குப் போனவர்கள்தான். ஆனால் எல்லோரும் ஆள்சேர்ப்பு மைதானத்தில் ஓடிச் சேர்ந்தவர்கள். கடக்வாஸ்லாவில் இருக்கிற தேசிய பாதுகாப்பு அகாடமிக்கு, அதான் என்டிஏவுக்கு, போகிற வழி வேறு என்று சொன்னால் யாருக்கும் பிடிபடுவதில்லை. டீக்கடையில் உட்கார்ந்து நானே விளக்கினேன். கணக்கு 300, பொதுத்திறன் தாள் 600, அதில் இங்கிலீஷுக்கே 200. தப்பாக எழுதினால் மூன்றில் ஒரு பங்கு மார்க் கழியும். இந்த 900 மார்க் பரீட்சையில் தேறினால்தான் எஸ்எஸ்பிக்குக் கூப்பிடுவார்கள், அங்கே தனியாக இன்னொரு 900. அதிலும் தேறி, மெடிக்கலிலும் தேறி, இரண்டையும் கூட்டி யுபிஎஸ்சி போடுகிற பட்டியலில் பெயர் வர வேண்டும். முதல் வருஷங்களில் ராணுவத்துக்கு 208 இடம் என்று அறிவிப்பு வந்தால் அதில் பெண்களுக்கு 10. தமிழ் மீடியத்தில் படித்த என் பிள்ளை அந்த முதல் 900-ஐத் தாண்டினாள் என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பெரியப்பா ஒன்றும் பேசாமல் எல்லோருக்கும் டீ சொன்னார்.

அந்தப் பெருமை எனக்கு இருக்கிறது. அதை யாரும் எடுக்க முடியாது. நீயும் எடுத்துவிடாதே.

ஆனால் ஒரு வருத்தமும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். பொங்கலுக்கு வந்தபோது அந்தக் கோச்சிங் நோட்டைக் காட்டினாயே. எஸ்எஸ்பியில் 60 வார்த்தை காட்டுவார்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி, மனதில் பட்டதை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். அதற்குப் போய் யாரோ எழுதிக்கொடுத்த வாக்கியங்களைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாய். "மரணம்" என்று வந்தால் என்ன எழுதுவது, "அப்பா" என்று வந்தால் என்ன எழுதுவது என்று எல்லாவற்றுக்கும் ரெடியாகப் பதில் இருந்தது. அப்பா என்ற வார்த்தைக்கு உனக்கு இன்னொருத்தர் வாக்கியம் எதற்கம்மா? படம் காட்டி நாலு நிமிஷத்தில் கதை எழுதச் சொல்வதும் அதற்குத்தான், அதிலும் கடைசிப் படம் வெறும் வெள்ளைத்தாள். நீ பார்த்தது, பட்டது, உன் மனதில் ஓடுவது வரட்டும் என்றுதான் வெள்ளைத்தாளைக் காட்டுகிறார்கள். அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், ஒரு பக்கத்திலும் நீ இல்லை. அப்போதே சொன்னேன், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். ஃபீஸ் கட்டியாயிற்றே என்று அம்மா என்னை அடக்கிவிட்டாள். செயினை மீட்டாச்சு, அதை நினைத்துக்கொண்டு இருக்காதே.

காலையில் ஓடுவதை நிறுத்திவிடாதே. அதை முக்கியமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

போபாலில் எஸ்எஸ்பி நடக்கிற செலக்ஷன் சென்டரில் நான் இருந்த கதையை நீ கேட்டிருக்கிறாய், பாதிதான் கேட்டிருக்கிறாய். ஜிடிஓ கிரவுண்டு, அதாவது குழுவாக வேலை கொடுத்துப் பார்க்கிற மைதானம், என் பொறுப்பு. காலையில் பலகை, கட்டை, கயிறு, டிரம் எல்லாவற்றையும் எண்ணி எடுத்து வைப்பேன், மாலையில் எண்ணி உள்ளே வைப்பேன், பெயின்ட் உதிர்ந்த இடத்தில் மறுபடி அடிப்பேன். மார்க் போடுவது ஆபீசர்கள் வேலை. எங்களுக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் கண் இருக்கிறதே, பார்க்காமல் இருக்க முடியுமா.

அப்படி ஒரு பையனைப் பார்த்தேன். ஒல்லியாக இருப்பான், சட்டை தொளதொளவென்று தொங்கும், அதன் மேல் நம்பர் எழுதிய துணி. குழு வேலை நடந்துகொண்டிருந்தது. பலகை நழுவிச் சிவப்பில் பட்டுவிட்டது. சிவப்பு அடித்த இடத்தை ஆளும் தொடக்கூடாது, பொருளும் தொடக்கூடாது, உனக்கு இப்போது தெரிந்திருக்கும். மற்றவர்கள் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவன், "என் கைதான் நழுவிச்சு" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை எடுத்துப் பலகை நுனியில் சுற்றினான். முடிச்சை இறுக்க அவனுக்குப் பலம் போதவில்லை. பக்கத்தில் இருந்தவனிடம் கயிற்று முனையைக் கொடுத்து, "நீ இழு" என்றான். அவ்வளவுதான், வேலை நகர்ந்தது. இவனை எடுக்காவிட்டால் வேறு யாரை எடுப்பார்கள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அதே பையன் மறுபடி வந்தான். அதே தொளதொளச் சட்டை, நம்பர்தான் வேறு. அன்றைக்கும் அப்படித்தான் இருந்தான், அதே குரல், அதே பொறுமை. இந்தத் தடவை எடுத்துவிட்டார்கள். என் கண்ணுக்கு இரண்டு தடவையும் வந்தது ஒரே பையன்தான். அப்போது ஏன் வேண்டாம் என்றார்கள், இப்போது ஏன் வேண்டும் என்றார்கள், யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அங்கே அதுதான் வழக்கம்.

கடைசி நாள் கான்ஃபரன்ஸ் முடிந்ததும் நம்பரைப் படிப்பார்கள். நம்பர் படிக்கப்பட்டவர்கள் மெடிக்கலுக்குத் தங்குவார்கள். மற்றவர்கள் நம்பர் துணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அன்று மாலையே ஸ்டேஷனுக்கு வண்டி ஏறுவார்கள். காரணம் என்று ஒரு வார்த்தை கிடையாது. நான் அந்த வண்டியில் கூடப் போயிருக்கிறேன் பாப்பா. வண்டி கேட்டைத் தாண்டியதும் ஒவ்வொருத்தனும் காரணத்தைத் தேட ஆரம்பிப்பான். என் இங்கிலீஷ் சரியில்லை என்பான் ஒருத்தன். இன்டர்வியூவில் அந்த ஒரு கேள்விக்கு உளறினேன் என்பான் இன்னொருத்தன். ஊர் போய்ச் சேர்வதற்குள் தன்னையே பிரித்துப் போட்டிருப்பான். இல்லாத ஓட்டையெல்லாம் கண்டுபிடித்திருப்பான். ராத்திரி முழுக்க விழித்துத் தேடினாலும் கிடைக்காது. சொல்லாத காரணத்தை எங்கே போய்த் தேடுவது? நீ அப்படித் தேடக்கூடாது. உன் ரூம்மேட் அம்மாவிடம் பேசினாளாம், நீ ராத்திரியில் தூங்குவதில்லை என்று. அவளைக் கோபிக்காதே, நல்ல பெண்.

சாப்பிடு. தூங்கு. காலையில் ஓடு.

இன்னொன்று கேள். எஸ்எஸ்பியில் நிரப்பச் சொல்கிற அந்தப் பெரிய ஃபாரத்தில் அப்பாவின் வேலை, படிப்பு, வருமானம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஹவில்தார் மகள் என்று எழுத நீ கூச்சப்பட்டிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். கூட வந்த பிள்ளைகளில் கர்னல் மகள்கள் இருந்திருக்கலாம், ஆர்மி ஸ்கூலில் படித்து இங்கிலீஷில் பொரிந்து தள்ளியிருக்கலாம். அங்கே எல்லோருக்கும் ஒரே நம்பர் துணிதான், பெயரைக்கூடக் கூப்பிட மாட்டார்கள். டேராடூனில் பாஸிங் அவுட் முடிந்து தோளில் நட்சத்திரம் வைக்கிற நாளில் எத்தனை சுபேதார், ஹவில்தார் வீட்டுப் பிள்ளைகள் நிற்கிறார்கள் தெரியுமா? அப்பன் பிள்ளைக்கு சல்யூட் அடிப்பதை நாம் பேப்பரிலேயே பார்த்திருக்கிறோம்.

வயதைப் பற்றிப் பயப்படாதே. 19½ வரை என்டிஏ பரீட்சை இருக்கிறது, வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறது, இன்னும் உனக்கு நேரம் இருக்கிறது. அது போனாலும் டிகிரி முடித்து சிடிஎஸ் பரீட்சை எழுதிப் பரங்கிமலையில் இருக்கிற அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு, ஓடிஏவுக்கு, போகலாம். அங்கே 1992-லிருந்தே பெண்கள் பயிற்சி எடுக்கிறார்கள். நாட்டுக்காக உயிர் கொடுத்த மேஜர் சரவணனும் மேஜர் முகுந்தும் அங்கிருந்து வந்தவர்கள்தான். என்சிசியில் 'சி' சர்டிபிகேட் வாங்கி டிகிரியில் 50 சதவீதம் வைத்திருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்எஸ்பிக்குப் போகிற வழியும் இருக்கிறது. அதனால் என்சிசி பரேடை மட்டம் போடாதே. சனிக்கிழமை தூக்கம் வருகிறது என்று சொல்லாதே. எஸ்எஸ்பிக்கு இத்தனை தடவைதான் என்று கணக்கும் இல்லை.

வழியை எல்லாம் நானே எழுதிக்கொண்டு போகிறேன். நீ போக வேண்டுமா என்று இதுவரை உன்னைக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

2021 ஆகஸ்டில் பெண்களும் என்டிஏ பரீட்சை எழுதலாம் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்ட செய்தி ஓடியபோது நீ டிவி பக்கத்தில் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தாய். ஒன்பதாவது படித்தாய். நீ ஒன்றும் சொல்லவில்லை. "நம்ம பாப்பா போவா" என்று அம்மாவிடம் சொன்னது நான். அப்புறம் 2025 மே 30, முதல் பெண்கள் 17 பேர் கடக்வாஸ்லாவில் பரேடு முடித்து அந்திம் பக் என்கிற கடைசிப் படியைத் தாண்டியதை டிவியில் பார்த்தோம். அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தேன், நீதான் எழுந்து நின்று பார்த்தாய். இரண்டு நாளும் என் மனதில் மாறி மாறி வருகிறது. எது நீ என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அங்கே இன்டர்வியூவில் "ஏன் ராணுவத்துக்கு வர நினைக்கிறாய்" என்று கண்டிப்பாகக் கேட்டிருப்பார்கள். நீ அங்கே என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. அதே கேள்வியை அப்பா கேட்டதாக வைத்துக்கொள். யோசித்து எழுது, மெதுவாக எழுது. மறுபடி போகிறேன் என்றால் அடுத்த பரீட்சைக்கு அப்ளிகேஷன் போடுவோம், இந்தத் தடவை கோச்சிங் வேண்டாம், நானே உன்னைக் கிரவுண்டில் ஓட்டுகிறேன். வேண்டாம் என்றால் பி.எஸ்சி. கணக்கு நல்ல படிப்பு, எம்.எஸ்சி. படி, வேலைக்குப் போ. பெரியப்பாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். தெருவுக்கும் நான் சொல்லிக்கொள்கிறேன். இந்த வீட்டில் பட்டாளத்துக்கு ஒரு ஆள் போயாச்சு, அந்தக் கணக்கு தீர்ந்தது.

அம்மா இதைப் படித்துவிட்டு, "இவ்வளவு எழுதினீங்களே, ஒரு தடவை வந்துட்டுப் போன்னு எழுதலையே" என்கிறாள். வந்துவிட்டுப் போ. காட்பாடியில் எத்தனை மணிக்கு இறங்குகிறாய் என்று அம்மாவுக்கு மெசேஜ் போட்டால் போதும்.

உன் அக்கவுன்டில் பணம் போட்டிருக்கிறேன். ஓடுகிற ஷூ வாங்கிக்கொள், பழையதன் அடி தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டதைப் பொங்கலிலேயே பார்த்தேன். விலை குறைவு என்று மெல்லிசாக வாங்காதே, முட்டி போய்விடும். எந்தப் பதில் எழுதினாலும் ஷூ வாங்கு.

இப்படிக்கு,
அப்பா