போர்க்காலப் புத்தகங்களோடு ஓர் ஆண்டு: நம் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கைக்குக் கிடைக்கும் பழைய புத்தகங்களையெல்லாம் வாங்கி அடுக்குவதை நிறுத்திவிட்டு, இரண்டாம் உலகப் போர் நடந்த 1939 முதல் 1945 வரையிலான முதற்பதிப்புகளை மட்டும் ஓராண்டு கூர்ந்து பார்ப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். அந்த ஓராண்டின் கணக்கு இது.

மாதக் கூட்டங்கள் ஒன்று தவிர எல்லாம் நடந்தன. ஒன்பது பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், இருவர் விலகினார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் நேராகப் புத்தகங்களுக்கு வருகிறேன்.

முதல் கூட்டத்தில் ஒரே நாவலின் இரண்டு லண்டன் அச்சுகளை மேசையில் வைத்தோம். ஒன்று 1938, இன்னொன்று 1943. யாரும் எதுவும் விளக்கவில்லை, கைமாற்றிப் பார்க்க மட்டும் சொன்னோம். பழையது கனமாக இருந்தது, தாள் இன்னும் வெளுப்பாக இருந்தது. ஐந்து வருடம் இளையதோ பாதி தடிமன்தான். எழுத்து நெருக்கம், ஓரம் குறுகல், தாள் டீத்தூள் நிறத்துக்குப் போயிருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, “இதுவா சார் பொக்கிஷம்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. அன்றைய கூட்டம் முழுவதும் அதற்குப் பதில் சொல்வதிலேயே போனது.

1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்ததும் பிரிட்டனுக்கு அங்கிருந்து வந்த மரக்கூழ் நின்றது. கொஞ்ச நாளில் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த எஸ்பார்டோ புல்லும் நின்றது. நல்ல அச்சுத்தாள் செய்ய அந்தப் புல்தான் அவர்களுக்கு ஆதாரம். ஆலைகள் வைக்கோலைக் கூழாக்கத் தொடங்கின. பதிப்பகங்களுக்குத் தாள் பங்கீடு வந்தது. போருக்கு முந்தைய ஆண்டில் பயன்படுத்தியதில் 60 விழுக்காடு என்று தொடங்கி, பிறகு 37.5 விழுக்காடு வரை இறங்கியது. 1942 ஜனவரி 1 முதல் பதிப்பாளர்களின் சிக்கன ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. எழுத்தின் அளவு, பக்கத்துக்கு எத்தனை சொற்கள், தாளின் எடை, அட்டையின் கனம் எல்லாவற்றுக்கும் வரம்பு. அதன்படி அச்சான நூல்களில் ஒரு சிறிய முத்திரை இருக்கும்: திறந்த புத்தகத்தின் மேல் அமர்ந்திருக்கும் சிங்கம். அந்தச் சிங்கத்தைக் காட்டியதும் அந்தத் தம்பி புத்தகத்தை மறுபடி கையில் எடுத்தார். அப்புறம் நெடுநேரம் கீழே வைக்கவில்லை.

தாள் பஞ்சத்தோடு நெருப்பும் சேர்ந்தது. 1940 டிசம்பர் 29 இரவு நடந்த குண்டுவீச்சில், லண்டனில் பதிப்பகங்கள் நிறைந்திருந்த பேட்டர்னாஸ்டர் ரோ தெரு எரிந்து போனது. லட்சக்கணக்கான பிரதிகள் ஒரே இரவில் சாம்பலாயின. அந்த ஆண்டுகளின் சில நூல்கள் இன்று அரிதாகிவிட்டதற்குக் குறைவாக அச்சிட்டது மட்டும் காரணமில்லை, கிடங்கிலேயே வெந்துபோனதும் காரணம்.

அந்த மாதம் எனக்கு மிகவும் பிடித்தது ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘விலங்குப் பண்ணை’ நாவலின் முதற்பதிப்பு மேலுறை. ஓர் உறுப்பினர் அதன் படங்களைக் கொண்டுவந்திருந்தார். 1945 ஆகஸ்ட் 17 அன்று 4,500 பிரதிகளோடு வெளிவந்த நூல் அது. ஆனால் பதிப்பு விவரத்தில் 1945 மே என்றுதான் இருக்கும். மேலுறையைக் கழற்றித் திருப்பினால் உள்பக்கத்தில் வேறொரு நூல்வரிசையின் மேலுறை அச்சாகியிருக்கிறது. தாள் இல்லாததால் பயன்படாமல் கிடந்த உறைகளின் பின்பக்கத்தையே அச்சுக்குக் கொடுத்துவிட்டார்கள். போர்க்காலம் எப்படியிருந்தது என்று கேட்பவருக்கு அந்த உள்பக்கம் ஒன்றே போதும் என்பது என் கருத்து.

இனி ஒரு தவறு. இதை மறைத்து அறிக்கை எழுத எனக்கு மனமில்லை.

நம்மிடம் 1944 லண்டன் அச்சு நாவல் ஒன்று இருந்தது. சிங்க முத்திரை உள்ளது, முதுகு கழன்றிருந்தது. பைண்டரிடம் கொடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன், குழுவும் ஒப்புக்கொண்டது. திரும்பி வந்தபோது பார்க்க அழகாக இருந்தது. புதிய தடித்த அட்டை, புதிய துணி, மூன்று பக்கமும் வெட்டிச் சீராக்கிய தாள். பழைய மெல்லிய அட்டைகள் குப்பைக்குப் போய்விட்டன. முன் வெற்றுத்தாளில் பென்சிலால் யாரோ ஒரு படைவீரர் எழுதியிருந்த தேதியும் படைப்பிரிவின் எண்ணும் அட்டையோடு போயின. எதைப் பார்க்க அந்த நூலை வாங்கினோமோ அதையே நாம் கூலி கொடுத்து அகற்றிவிட்டோம். பைண்டர் மேல் குற்றமில்லை. அவரிடம் சொன்னதை அவர் ஒழுங்காகச் செய்தார்.

இதன்பின் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. சங்கத்தின் நூல் எதையும் புதிதாகக் கட்டக்கூடாது, ஓரம் வெட்டக்கூடாது, செல்லோடேப் ஒட்டக்கூடாது. கழன்றதைப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் வைத்தால் போதும். பழுப்பேறிய தாள், மெலிந்த அட்டை, குறுகிய ஓரம் எல்லாம் அந்த நூலின் குறைகள் அல்ல, அது பிறந்த நேரத்தின் அடையாளங்கள். சிலருக்கு இது பிடிவாதமாகத் தோன்றலாம். கையில் இருந்ததை இழந்தபின் எனக்கு வேறு மாதிரி நினைக்க முடியவில்லை.

அந்தத் தீர்மானத்துக்கு முதல் சோதனை அமெரிக்கப் படைவீரர்களுக்கான சிறு பதிப்புகளில் வந்தது. 1943 முதல் 1947 வரை 1,300க்கும் மேற்பட்ட தலைப்புகளில் 12 கோடிக்கும் அதிகமான பிரதிகள் அச்சாகிப் படையினருக்கு வழங்கப்பட்டன. பத்திரிகை அச்சு இயந்திரங்களில் இரண்டு நூல்களை மேலும் கீழுமாக அச்சிட்டுப் பிறகு குறுக்கே வெட்டினார்கள். அதனால்தான் பெரும்பாலானவை உயரத்தைவிட அகலம் கூடிய வடிவில், சீருடைப் பையில் அடங்கும் அளவில் இருக்கின்றன. ‘தி கிரேட் கேட்ஸ்பி’ அந்த வரிசையில் 1,55,000 பிரதிகள் போனது. முதலில் வந்தபோது அவ்வளவாக விற்காத அந்த நாவலை, போர் முனையிலிருந்து திரும்பிய வாசகர்கள் மறக்கவில்லை.

அவற்றைக் கம்பிப் பின் அடித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பின்கள் துருப்பிடித்துத் தாளைத் தின்கின்றன. கழற்றிவிடலாம் என்று பாதிப் பேர், கூடாது என்று பாதிப் பேர். விவாதம் இரண்டு கூட்டம் நீண்டது. கடைசியில், துரு தாளைத் துளைக்கும் நிலையில் உள்ளவற்றை மட்டும் பயிற்சி பெற்றவர் கையால் எடுப்பது, மற்றவற்றில் ஈரத்தைக் கட்டுப்படுத்துவது என்று முடிவானது. அதற்காக அலமாரிக்கு ஈரப்பத மானி வாங்கினோம். 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கப் பார்க்கிறோம். ஒரு பெட்டியில் ராமபாணப் பூச்சி தென்பட்டது. நூல்களைக் காற்றுப் புகாத பையில் கட்டி, சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியில் ஒரு வாரம் உறைவித்தோம். பிறகு பூச்சி தென்படவில்லை.

முதற்பதிப்பை அடையாளம் காண்பதில் ஒரு முறை ஏமாந்தோம். 1940இல் வந்த ஓர் அமெரிக்க நாவலை முதற்பதிப்பு என்று நம்பி வாங்கினோம். மேலுறையில் விலை இல்லை, பின்னட்டையின் கீழ் மூலையில் சிறு அழுத்தக் குறி இருந்தது. புத்தகக் கழகங்கள் தங்கள் உறுப்பினர்களுக்காக அச்சிடும் மறுபதிப்புகளில் இப்படித்தான் இருக்கும், அதை வாங்கிய பிறகுதான் கவனித்தோம். விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதைய நூல்களில் பதிப்பு எண்ணைக் காட்டும் எண்வரிசை போர்க்கால நூல்களில் கிடையாது. பதிப்பகத்துக்குப் பதிப்பகம் முறை மாறும். ஸ்க்ரிப்னர்ஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகத்தின் நூல்களில் முதற்பதிப்புக்கு அடையாளமாகப் பதிப்புரிமைப் பக்கத்தில் ‘ஏ’ என்ற எழுத்தைத் தேட வேண்டும். போலி மேலுறைக்கு ஒரு எளிய சோதனை உண்டு. புற ஊதா விளக்கின் கீழே பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். அப்படி ஒளிரச் செய்யும் வெளுப்பூட்டிகளைத் தாளில் சேர்ப்பது பரவலானது போருக்குப் பின்தான். சங்கத்தின் விளக்கு இப்போது பொருளாளரிடம் இருக்கிறது, கேட்டால் தருவார்.

மூத்த உறுப்பினர் ஒருவர் இந்த ஆண்டு காலமானார். அவரது குடும்பத்தார் 62 நூல்களைச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய கொடை அவருடைய குறிப்பேடு. ஒவ்வொரு நூலையும் எப்போது, எந்த நிலையில் வாங்கினார், எந்தப் பக்கத்தில் என்ன கறை என்று எழுதி வைத்திருக்கிறார். எதையும் துடைக்கவில்லை, ஒட்டவில்லை. நாம் ஒரு நூலை இழந்து கற்றதை அவர் முப்பது வருடமாகச் சத்தமில்லாமல் செய்திருக்கிறார். நம் அட்டவணையையும் இனி அவர் எழுதிய விதத்திலேயே எழுதுகிறோம்.

அவருக்கு மிகவும் பிடித்த கதை ‘கடலின் மௌனம்’ நூலினுடையது. ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பாரிஸில், 1942 பிப்ரவரி என்ற தேதியோடு, மினுயி என்ற தலைமறைவுப் பதிப்பகம் அதை 350 பிரதிகள் அச்சிட்டது. சிறிய அச்சகம் ஒன்றில் எட்டெட்டுப் பக்கங்களாக அச்சடித்தார்கள். ஆசிரியர் ழான் புரூலர் வெர்கோர் என்ற புனைபெயரில் மறைந்திருந்தார். அந்த முதற்பதிப்பு நம் கைக்கு வரப்போவதில்லை. ஆனாலும் தலைமறைவு அச்சுகளுக்கென்று வரும் ஆண்டில் இரண்டு கூட்டங்களை ஒதுக்கக் குழு பரிந்துரைக்கிறது, பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தங்களிடம் உள்ள போர்க்கால நூல் ஒன்றைக் கொண்டு வாருங்கள். வருவதற்கு முன் தூசி தட்ட வேண்டாம், கறையைத் துடைக்க வேண்டாம். மேலுறை கிழிந்திருந்தால் கிழிந்தபடியே ஒரு காகித உறையில் போட்டு எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்